ஆய்வுப் பணம் யாருடைய பணம்?
புதிதாக ஆய்வுக்கு வரும் சுகாதாரத் துறையினருக்குச் சில விளக்கங்கள்

எங்கள் ஊர்களிலிருந்து மருத்துவத்துக்கும் தாதியியலுக்கும் ஆய்வுகூடத் துறைக்கும் போகும் பிள்ளைகளின் தொகை கூடியிருக்கிறது. படிப்பை முடித்து வைத்தியசாலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கு வந்ததும், அவர்களில் சிலருக்குச் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து பார்க்க ஆசை வருகிறது. நல்ல கேள்வி கையில் இருக்கிறது. ஆய்வு முறையியலும் புள்ளிவிபரமும் படித்திருக்கிறார்கள். ஆனால் ஆய்வு மானியம் ஒன்று கிடைத்தால் அந்தக் காசை எப்படி எடுப்பது, எப்படிச் செலவழிப்பது, எப்படிக் கணக்குக் காட்டுவது என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

எனக்கு வைத்தியம் தெரியாது. நான் படிப்பிப்பது தமிழ். ஆய்வில் சேரும் நோயாளருக்குக் கொடுக்கும் தகவல் தாளையும் சம்மதப் படிவத்தையும் தமிழில் ஆக்கித் தரும்படி பழைய மாணவர்கள் கொண்டு வருவார்கள். அதைத் திருத்திக் கொடுக்கும்போது அவர்களுடைய கந்தோர்க் கதைகளையும் கேட்க வேண்டி வரும். எல்லாருடைய கதையிலும் ஒரு வசனம் தவறாமல் வரும்: "என்ட பேருக்குக் கிடைச்ச காசுதானே சேர், அதை எடுக்க ஏன் இவ்வளவு இழுபறி?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். அது உங்கள் காசு இல்லை. நிறுவனத்தின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் கொண்டு வேலையை நடத்தும் பொறுப்புத்தான் உங்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. கையொப்பங்கள், மூன்று விலைமனு, வவுச்சர், கணக்காய்வு எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறந்தவை.

ஓர் உதாரணம்

விளக்க வசதிக்காக ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். கல்முனைக் கரையோரத்தில் சீனி வருத்தத்தோடு நோன்பு பிடிக்கிறவர்களின் இரத்தச் சீனி நோன்பு காலத்தில் எப்படி ஏறி இறங்குகிறது என்று அறிய ஓர் இளம் விரிவுரையாளர் விரும்புகிறார். இது தேவையான கேள்வி. 2001இல் 13 நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளரிடம் நடத்தப்பட்ட எபிடியார் என்ற ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் 79 வீதமானோர் ரமழானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு பிடித்ததாகக் காட்டியது. அந்த 13 நாடுகளில் இந்தியாவும் பாகிஸ்தானும் பங்களாதேசும் இருந்தன, இலங்கை இல்லை. எங்கட சாப்பாட்டையும் எங்கட வெயிலையும் கஞ்சியோடு நோன்பு திறக்கும் எங்கட வழக்கத்தையும் வைத்து ஒரு நோயாளிக்கு ஆலோசனை சொல்வதென்றால் எங்கட தரவு வேண்டும்.

இந்த ஆய்வுக்கு 20 இலட்சம் ரூபா கேட்டு அவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

காசு யாரிடம் வருகிறது?

இலங்கையில் சுகாதார ஆய்வுக்கு அரச நிதி பெறும் வழிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று தேசிய விஞ்ஞான மன்றம். 1968இல் தொடங்கிய தேசிய விஞ்ஞானப் பேரவையின் வழிவந்தது. மற்றது தேசிய ஆராய்ச்சிப் பேரவை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குவது. இவை தவிர பல்கலைக்கழகங்களிடம் தங்கள் சொந்த ஆய்வு நிதியும் உண்டு.

எந்த வழியில் வந்தாலும் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆய்வாளரின் பெயர் "பிரதான ஆய்வாளர்" என்று ஒப்பந்தத்தில் இருக்கும். ஆனால் நிறுவனத் தலைவரின் கையொப்பம் இல்லாமல் அந்த ஒப்பந்தம் செல்லாது. காசு நிறுவனத்தின் கணக்குக்கு வரும். நிதியாளர் கிளை அதற்கென ஒரு தனிப் பேரேடு திறக்கும். அதிலிருந்துதான் ஒவ்வொரு செலவும் போகும்.

எங்கட பள்ளிவாசல் நடைமுறையை நினைத்துப் பாருங்கள். கூரை போட என்று ஒருவர் நிதி கொடுக்கிறார். காசு நம்பிக்கையாளர் சபையின் கையில் இருக்கிறது. வேலையை மேற்பார்வை பார்க்க ஒருவரை நியமிக்கிறார்கள். கூரைக் காசில் மிச்சம் வந்தால் பாய் வாங்கலாமா? கொடுத்தவரைக் கேட்காமல் முடியாது. மேற்பார்வை பார்ப்பவர் ஊர் மாறிப் போனால் காசையும் கொண்டு போகலாமா? முடியாது. மிஞ்சிய தகரம் யாருக்குச் சொந்தம்? பள்ளிக்கு. ஆய்வு மானியத்திலும் இதே கதைதான். ஆய்வுக்கு வாங்கிய லெப்டொப் நிறுவனத்தின் பொருட்பதிவேட்டில் ஏற வேண்டும். நீங்கள் இடமாற்றம் பெற்றால் நிதி கொடுத்தவரும் நிறுவனமும் எழுத்தில் சம்மதித்தால்தான் ஆய்வு உங்களோடு வரும், அல்லது இன்னொருவர் பொறுப்பேற்பார்.

விண்ணப்பிக்க முன்

புதியவர்கள் கந்தோருக்குப் போவது பெரும்பாலும் கடைசி நாளில், கையொப்பம் வாங்க. போக வேண்டிய நேரம் அதற்கு ஒரு மாதம் முன்பு. துறைத் தலைவரையும் பீடாதிபதியையும் கண்ட கையோடு நிதிக் கிளையில் உதவி நிதியாளரையும் வழங்கல் கிளையில் ஒருவரையும் கண்டு பேச வேண்டும். கேட்க வேண்டியவை இவை: நிறுவனத்துக்குள் விண்ணப்பம் தர வேண்டிய கடைசித் திகதி என்ன? யார் யார் கையொப்பம், எந்த ஒழுங்கில்? நிர்வாகச் செலவுக்கென நிறுவனம் எத்தனை வீதம் எடுக்கும்? எந்தத் தொகைக்கு மேல் விலைமனு கோர வேண்டும்? ஆய்வு உதவியாளரை எந்த முறையில், என்ன கொடுப்பனவில் எடுக்கலாம்?

மானியம் கொடுப்பவர் சொல்லும் கடைசித் திகதி ஒன்று. நிறுவனத்தின் உள்ளகத் திகதி வேறொன்று. அது எப்போதும் முந்தியே இருக்கும்.

அடுத்தது பாதீடு. ஆட்களுக்கான கொடுப்பனவு, பரிசோதனைப் பொருட்கள், போக்குவரத்து, உபகரணம் என்று நான்கு வரி எழுதிவிட்டு முடிப்பது வழக்கம். விடுபடுகின்றவை சின்னச் சின்னச் செலவுகள்: மொழிபெயர்ப்பு, போட்டோக்கொப்பி, ஒழுக்கநெறிக் குழுவுக்கான கட்டணம், இரத்த மாதிரியைக் குளிரில் வைத்துக் கொண்டுபோகும் செலவு, பங்குபற்றுவோருக்கான பஸ் காசு. 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரியைச் சேர்க்காமல் விலை போட்டால் ஒரு பகுதிப் பொருள் வாங்க முடியாமல் போகும்.

இறக்குமதிப் பொருள் என்றால் டொலரையும் பார்க்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதம் சுமார் 360. ரூபாவில் ஒப்புக்கொண்ட மானியம் அப்படியே நிற்க, பொருளின் விலை முக்கால் பங்குக்கு மேல் ஏறியது. ஆகவே வெளிநாட்டுப் பொருளை முதல் தவணைக் காசிலேயே வாங்குவதற்குத் திட்டமிடுவது புத்தி. ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் "ஏன் இவ்வளவு" என்று ஒரு வரி எழுதுங்கள். 100 பேர், ஆளுக்கு இத்தனை பரிசோதனைப் பட்டி, ஒன்று இத்தனை ரூபா என்று பெருக்கிக் காட்டினால் மதிப்பீட்டாளர் வெட்ட யோசிப்பார்.

அனுமதிகள்

மனிதரைப் பற்றிய எந்த ஆய்வுக்கும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். கிழக்கில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் அத்தகைய குழு உண்டு. ஆய்வு தொடங்கிய பிறகு பின்திகதியிட்டு அனுமதி தரமாட்டார்கள். மருந்து கொடுத்தோ சிகிச்சையை மாற்றியோ பார்க்கும் பரிசோதனை என்றால், முதல் ஆளைச் சேர்க்க முன்பே இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2006இல் இலங்கை மருத்துவச் சங்கத்தின் முயற்சியில் உருவான பதிவேடு அது. முற்பதிவு இல்லாத பரிசோதனையை முன்னணி மருத்துவச் சஞ்சிகைகள் ஏற்பதில்லை.

ஒழுக்கநெறி அனுமதியும் இடத்துக்கான அனுமதியும் வேறு வேறு. கிளினிக்கில் நோயாளரைச் சந்திக்க வேண்டுமானால் வைத்தியசாலைப் பொறுப்பாளரிடமும், சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளுக்குள் போவதானால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடமும் தனித்தனியே கடிதம் பெற வேண்டும்.

இங்கே என்னுடைய தொழிலோடு சேர்ந்த ஒரு சொல். சம்மதப் படிவத்தின் தமிழை அசட்டையாக விடாதீர்கள். "உண்ணாநிலைக் குருதிக் குளுக்கோசு" என்று எழுதினால் சரியான தமிழ்தான். சாய்ந்தமருதில் ஒரு மூத்தம்மாவுக்கு அது விளங்குமா? "வெறும் வயிற்றில் இரத்தத்தில் இருக்கும் சீனி" என்றால் விளங்கும். இரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமா என்ற கேள்வி கட்டாயம் வரும். ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தகவல் தாளில் சேர்த்து விடுங்கள். விளங்காமல் போட்ட கையொப்பம் சம்மதம் ஆகாது.

செலவழிக்கும்போது

மானியச் செலவைச் சோதிக்க அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் நான்கு கேள்விகளை வைத்திருக்கிறது. எங்கட நாட்டு மானியத்துக்கும் அவை பொருந்தும். செலவு நியாயமான அளவில் உள்ளதா? இந்த ஆய்வுக்கென்றே செய்யப்பட்டதா? இதே மாதிரியான செலவை நிறுவனம் எல்லா இடத்திலும் ஒரே விதமாகத்தான் கையாளுகிறதா? மானியத்தின் நிபந்தனைகள் இதை அனுமதிக்கின்றனவா? நாலுக்கும் "ஓம்" என்றால் பயமில்லாமல் வவுச்சர் எழுதலாம்.

கொள்வனவில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று. முதலாவது, கடையில் வாங்கிவிட்டுப் பிறகு பில் கொடுப்பது. அனுமதி முன்னே, பொருள் பின்னே என்பதுதான் ஒழுங்கு. இரண்டாவது, ஒரு பொருளை ஐந்து சின்ன பில்லாகப் பிரித்து விலைமனு கோரும் எல்லைக்குள் நின்றுகொள்வது. கணக்காய்வில் முதலில் கண்ணில் படுவது இதுதான். மூன்றாவது, இன்ன கம்பனியின் பொருள்தான் வேண்டும் என்று பெயர் போட்டு எழுதுவது. தேவையான தன்மைகளை எழுத வேண்டும். உண்மையிலேயே ஒரு கம்பனியிடம் மட்டும்தான் கிடைக்கும் என்றால் அதற்கான காரணத்தைத் தனிக் கடிதமாக இணைக்க வேண்டும்.

மச்சானின் கடையில் வாங்கலாமா, சாச்சியின் மகளை ஆய்வு உதவியாளராக எடுக்கலாமா என்பதும் எங்கட ஊர்களில் வரும் கேள்வி. உறவை எழுத்தில் அறிவித்து, தெரிவு செய்யும் இடத்திலிருந்து நீங்கள் விலகி நிற்க வேண்டும். பொருள் விற்பவர் தரும் அன்பளிப்பும் இதே வகை. ஸக்காத் சேகரிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா, "இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு" என்று பிரித்துச் சொன்னபோது, அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு.

இன்னொரு சிக்கலை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பங்குபற்றிய நோயாளருக்குப் பஸ் காசு கொடுத்ததற்கு நிதிக் கிளை பெயரும் கையொப்பமும் கேட்கும். அந்தப் பட்டியல் கந்தோர் மேசையில் கிடந்தால், ஊரில் யார் யாருக்குச் சீனி வருத்தம் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். காச நோய், மனநோய் பற்றிய ஆய்வானால் விளைவு இன்னும் மோசம். ஒரு பெண் பிள்ளையின் கலியாணப் பேச்சையே அது குழப்பலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தரவை விசேட கவனத்துக்குரிய வகையில்தான் வைக்கிறது. ஆகவே தொடக்கத்திலேயே நிதியாளரோடு பேசி எழுத்தில் ஓர் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். வவுச்சரில் இலக்கம் மட்டும் இருக்கட்டும். பெயரும் கையொப்பமும் உள்ள தாள் பூட்டிய அலுமாரியில் பிரதான ஆய்வாளரிடம் இருக்கட்டும். கணக்காய்வாளர் கேட்டால் அங்கேயே காட்டலாம்.

திட்டம் மாறினால்

ஆய்வு என்றால் மாற்றம் வரும். போக்குவரத்துக்கு ஒதுக்கியது மிஞ்சும், பரிசோதனைப் பொருளுக்குப் போதாது. ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கேட்கலாம். மேலதிகக் காசில்லாமல் காலத்தை மட்டும் நீடிக்கவும் கேட்கலாம். பெரும்பாலும் கிடைக்கும். நிபந்தனை ஒன்றுதான்: மாற்றுவதற்கு முன்பு, காலம் முடிவதற்கு முன்பு கேட்க வேண்டும். ஆய்வு முறையில் மாற்றம் என்றால் ஒழுக்கநெறிக் குழுவுக்கும் எழுத வேண்டும். அரைவருட அறிக்கை பிந்தினால் அடுத்த தவணை வராது; முதல் முற்பணத்தைத் தீர்க்காவிட்டால் இரண்டாவது முற்பணம் கிடைக்காது.

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்-பகராவின் 282ஆம் வசனம். அது பேசும் விடயம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதும் சாட்சி வைப்பதும். தொகை சிறிதானாலும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்கிறது. பைலில் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் வைப்பவருக்குக் கணக்காய்வு வந்தால் நித்திரை கெடாது. தொலைபேசியில் "சரி, செய்யுங்க" என்று சொன்ன அதிகாரி மாறிப் போவார். அன்றைக்கே அவருக்கு அனுப்பிய இரண்டு வரி மின்னஞ்சல் மாறாது.

வெளிநாட்டு நிதி

இங்கே நிறுவனத்தின் பங்கு இன்னும் தெளிவாகத் தெரியும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பதானால், விண்ணப்பதாரர் நிறுவனம்தான். நிறுவனம் அமெரிக்க அரசின் பதிவுத் தளங்களில் முதலில் பதிந்திருக்க வேண்டும். அதற்கு ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். நிர்வாகச் செலவுக்காக வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அது தருவது 8 வீதம். 2025 மே மாதம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வழியாக வெளிநாடுகளுக்குப் போகும் துணை மானியங்களைப் பழைய வடிவில் புதிதாக வழங்குவதில்லை என்று அறிவித்தது. ஒரே கொடையாளரை நம்பி நீண்டகால ஆய்வைக் கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதுவே போதும்.

பிறையும் நிதியாண்டும்

இனி எங்கட கற்பனை ஆய்வுக்குத் திரும்புவோம். 2027இல் நோன்பு பெப்ரவரி 8ஐ ஒட்டித் தொடங்கும். நோன்புக்கு 6 முதல் 8 வாரம் முன்பே நீரிழிவு நோயாளரைப் பரிசோதிக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். அப்படியானால் முதல் பரிசோதனை டிசம்பர் கடைசிப் பாதியில். அதுதான் அரச நிதியாண்டு முடிந்து கணக்கு மூடும் காலம். புதிய கட்டளையை ஏற்கவும் காசு விடவும் தயங்குவார்கள். ஜனவரியில் புத்தாண்டு ஒதுக்கீடு ஓடத் தொடங்கவும் நாள் எடுக்கும்.

ஆகவே பின்னோக்கி எண்ண வேண்டும். பரிசோதனைப் பட்டிகள் நவம்பரில் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். கொள்வனவுக் கட்டளை செப்டெம்பரில். ஒப்பந்தமும் பேரேடும் ஜூலையில். ஒழுக்கநெறி அனுமதி ஜூனில். ஒரு கையொப்பம் பிந்தி டிசம்பரைத் தாண்டினால், போவது ஒரு மாதமோ இரண்டு மாதமோ இல்லை. ஒரு முழு ரமழான். வருடா வருடம் நோன்பு பத்துப் பதினொரு நாள் முன்னே வருவதால் 2028இலும் 2029இலும் இந்த இடுக்கு இன்னும் இறுகும். 2030இல் ஜனவரி தொடக்கத்தில் ஒன்றும் டிசம்பர் கடைசியில் ஒன்றுமாக இரண்டு நோன்பு ஆரம்பமாகும். இலங்கையில் நோன்பைப் பற்றி ஆய்வு செய்ய நினைப்பவர் பிறைக் கலண்டரையும் நிதியாண்டையும் ஒன்றாகப் பார்த்தே திட்டமிட வேண்டும்.

செலவாகாத காசு திரும்பிப் போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு உண்டு. வெறும் வயிற்றோடு வந்து கை நீட்டி இரத்தம் கொடுத்தவரின் மாதிரி, காசு விடுபடாததால் பரிசோதிக்கப்படாமல் குளிர்பெட்டியில் கிடந்து பழுதாகிவிட்டால் அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது? அவர் கொடுத்ததும் அமானிதம்தான்.

இதற்கு ஆளுக்காள் அலைந்து கற்றுக்கொள்வது மட்டும் போதாது. ஒரு மானியத்தை முடித்தவர்கள் தங்கள் பைலின் பிரதியை, நோயாளர் விபரங்களை நீக்கிவிட்டு, அடுத்து வருபவரிடம் கொடுக்கலாம். விண்ணப்பம், பாதீடு, அனுமதிக் கடிதம், நீடிப்புக் கேட்ட கடிதம் எல்லாம் வரிசையாக இருக்கும் ஒரு பைல் பத்து விரிவுரைக்குச் சமம். எங்கட பகுதிப் பல்கலைக்கழகங்களும் வைத்தியசாலைகளும் தங்கள் நடைமுறையைப் பத்துப் பக்கத்தில் எளிய தமிழில் எழுதி வைக்கலாம். எழுதுவதாக இருந்தால், மொழியைச் செப்பம் செய்துதர என் போன்ற தமிழாசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறோம்.